தொடாமல் விட்ட 31 கேள்விகள்

2023இல், மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி நுழைவுத் தேர்வில் நேரம் முடியும்போது, விடையளிக்காத கேள்விகள் 31 என்று திரை காட்டியது. தப்பாகப் போட்டுக் கையில் இருப்பதையும் இழக்க வேண்டாமே என்ற பயம்தான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது வயிற்றைப் பிசைந்தது.

சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும், ஆப்ஷன் நான்கு. கண்ணை மூடிக்கொண்டு போட்டு நாலில் ஒன்று பலித்தால்கூட 4 வந்து 3 போகும், 1 மிச்சம். இரண்டு ஆப்ஷனை ஒதுக்கிவிட்டால் கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை மார்க். நான் விட்டவற்றில் குறைந்தது இருபது இந்த ரகம். முப்பது மார்க்கைத் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்!

அடுத்த முறை மாக் டெஸ்ட்களில் ஒரு வேலை செய்தேன். இரண்டில் ஒன்றாகத் தவித்ததற்கு நட்சத்திரம், குருட்டாம்போக்கில் போட்டதற்குச் சுழி. ஒரு கேள்வியில், தொண்டை வலி வந்த மறுநாளே பையனுக்குச் சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது. ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோயா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சியா? எது ஓரிரு நாளில் வரும், எது ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும் என்பது மண்டையில் குழம்பிவிட்டது. நட்சத்திரம் போட்டு முதலாவதைத் தட்டினேன். சரி.

ஆறு டெஸ்ட் முடிவில் நட்சத்திரம் 142, சரியானவை 84. சுழி 64, சரியானவை வெறும் 13. நாலில் ஒன்றுகூடத் தேறவில்லை! எங்கோ படித்த மாதிரி இருக்கும் பெயரைத்தான் கை தேடிப் போகிறது. கேள்வி எடுப்பவரும் அதற்காகத்தானே அதை அங்கே வைக்கிறார். அப்புறம் சுழிக் கேள்விகளுக்கு யோசிப்பதையே நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் மூன்றாவது ஆப்ஷன் என்று முடிவு செய்தேன். அதில் மந்திரம் எதுவும் இல்லை, தூண்டிலில் சிக்காமல் இருக்கலாம், நேரமும் மிச்சம். இதையே எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களின் மேற்படிப்புக்கான ஐஎன்ஐ சிஇடி தேர்வில் செய்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அங்கே தப்புக்கு, சரிக்குக் கிடைக்கும் மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு கழியும்.

2024இல் தேர்வை ஐந்து பகுதியாக்கிவிட்டார்கள். 40 கேள்விக்கு 42 நிமிடம், முடிந்தால் அந்தப் பகுதி பூட்டிக்கொள்ளும், திரும்பிப் போக முடியாது. மூன்றாவது பகுதியில் நாற்பது விநாடி இருக்க, நான்கு கேள்வி பாக்கி. வாசிக்கவே இல்லை. மூன்றாவது, அடுத்து, மூன்றாவது, அடுத்து என்று தட்டிக்கொண்டே போனேன். நான்காவதைத் தட்டியதும் திரை மாறிவிட்டது.