மண்ணில் குரோமியம் இருக்கிறதா என்று பார்க்க அலைந்தது

எங்கள் நிலம் வாணியம்பாடிக்குப் பக்கம், பாலாற்றை ஒட்டி. கொஞ்சம் தென்னை, கொஞ்சம் நெல், கிணற்றடியில் அம்மாவின் கீரைப் பாத்தி. சுற்றிலும் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள். பயிர் நுனி கருகும்போதெல்லாம் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுப்போம். மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல், துத்தநாகம் என்று 12 விவரங்கள் வரும். உப்பு அதிகம், மற்றது பரவாயில்லை என்றிருக்கும். தோல் பதனிடப் போடும் குரோமியம் அந்தப் பன்னிரண்டில் இல்லவே இல்லை என்பது மூன்றாவது அட்டையில்தான் எனக்கு உறைத்தது.

விசாரித்ததில், என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள தனியார் ஆய்வகத்துக்குப் போகச் சொன்னார்கள். போன் செய்தால் முதல் கேள்வியே, "டோட்டல் குரோமியமா சார், ஹெக்ஸாவா?"

அன்று பதில் தெரியவில்லை. படித்துவிட்டு மறுநாள்தான் பேசினேன். தோலுக்குப் போடுவது மூன்று இணைதிறன் கொண்ட வகை. அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், பயிரின் தண்டுக்கும் இலைக்கும் அதிகம் ஏறாது. ஆறு இணைதிறன் கொண்டதுதான் ஹெக்ஸா. கொடிய நஞ்சு, தண்ணீரில் கரைந்து கிணறு வரை போகும். மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு முதல் வகையில் கொஞ்சத்தை இரண்டாவதாக மாற்றவும் செய்யும். டோட்டல் என்றால் இரண்டு வகையும் சேர்த்து. அதனால் டோட்டல், ஹெக்ஸா இரண்டையும் கேளுங்கள்.

மண் எடுப்பதில் அவசரம் வேண்டாம். வளைந்து வளைந்து நடந்து 12 இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' மாதிரி குழி வெட்டினோம். மண்வெட்டி பட்ட பக்கத்தை மூங்கில் தப்பையால் சுரண்டித் தள்ளிவிட்டு, உள்மண்ணை பிளாஸ்டிக் வாளியில் எடுத்தோம். நாகத்தகட்டு வாளி கூடாது, அந்த உலோகமே மண்ணில் சேரும். நன்றாகக் கலந்து நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களை ஒதுக்கி ஒதுக்கி அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்தோம். ஹெக்ஸாவுக்கான மண்ணைக் காயவைக்காமல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோனேன்.

இன்னொன்று, இதை விட்டுவிடாதீர்கள். ஆற்றுத் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ பாயாத மேட்டு மானாவாரியிலிருந்தும் ஒரு மாதிரி எடுங்கள். குரோமியம் எந்த மண்ணிலும் இயல்பாகவே கொஞ்சம் இருக்கும். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் நம் எண் நமக்கே புரியாது. கனடாவில் விளைநிலத்துக்கு மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 64 மில்லிகிராம், ஹெக்ஸா 0.4 என்று வைத்திருக்கிறார்கள். அதையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டேன்.

அறிக்கை வந்தது. ஆற்றோரத் துண்டில் மொத்தக் குரோமியம் மேட்டு நிலத்தைப்போல் நாலு மடங்குக்கு மேல். ஹெக்ஸா கண்டறியும் அளவுக்குக் கீழே. அந்த வரியைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

அறிக்கையில் சர்வே எண்ணைப் போடச் சொல்லி வாங்குங்கள், மனு கொடுக்க அதுதான் உதவும். இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போனதை உச்ச நீதிமன்றம் 1996 தீர்ப்பிலேயே குறிப்பிட்டது. 2025 ஜனவரியிலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சொல்லியிருக்கிறது. எங்கள் மனு போயிருக்கிறது.

இப்போது ஆற்றோரத் துண்டில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்திருக்கிறோம், பூக்கும்போது மடக்கி உழ வேண்டும். மட்கு நிறைய இருந்தால் ஹெக்ஸா உண்டானாலும் பழைய மூன்று இணைதிறன் வகைக்கே திரும்பும். அம்மாவின் கீரை மேட்டு நிலத்துக்குப் போய்விட்டது, மழையை நம்பி.