கப்பா குறைவாக வந்தால் முதலில் டேபிளைப் பாருங்கள்

முதுகலை மருத்துவ மாணவர்களின் தீசிஸுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுக்கிறேன். அடிக்கடி வரும் கேள்வி இது: “சார், கப்பா 0.13தான் வந்திருக்கு, ஸ்டடியே வீணா?” கப்பா என்பது, இருவர் தனித்தனியாகச் சொன்ன முடிவுகள் தற்செயலையும் தாண்டி எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், முழுக்க ஒத்துப்போனால் 1. அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீண் என்றும் சொல்ல முடியாது, நல்ல ஸ்டடி என்றும் சொல்ல முடியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரே எக்ஸ்ரேயை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறார்களா என்று தெரிந்துகொள்ள, நூற்றுக்கு எத்தனை ஒரே மாதிரி சொன்னார்கள் என்று எண்ணினால் போதாதா? போதாது. 100 நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒருவர் 5 படங்களில் காசநோய் இருக்கிறது என்கிறார், இன்னொருவர் படத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார் என்று வையுங்கள், அப்போதும் 95 சதவீதம் ஒத்துப்போகும்! இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஜேக்கப் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960இல் கப்பாவைக் கொண்டுவந்தார். தற்செயலாகவே எவ்வளவு ஒத்துப்போயிருக்கும் என்று முதலில் கணக்குப் போட்டு அதைக் கழித்துவிட வேண்டும், அப்புறம் மீதி இருந்த இடத்தில் எவ்வளவைப் பிடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். இப்படிப் பார்த்தால் அந்த 95 சதவீதத்துக்குக் கப்பா பூஜ்யம்.

சரி, இப்போது இரண்டு டேபிள்கள். நானே போட்ட எண்கள்தான், ஒரு தாளில் எழுதிக்கொண்டே படியுங்கள்.

முதலாவது, காசநோய் சந்தேகத்தோடு வந்த 100 பேர். இருவரும் ‘இருக்கிறது’ என்றது 40, இருவரும் ‘இல்லை’ என்றது 45, முதல் டாக்டர் மட்டும் ‘இருக்கிறது’ என்றது 5, இரண்டாமவர் மட்டும் சொன்னது 10. ஒத்துப்போனது 85 சதவீதம். ஒவ்வொருவரும் எத்தனை முறை ‘இருக்கிறது’, எத்தனை முறை ‘இல்லை’ என்றார்கள் என்பதை வைத்துத் தற்செயலாக எதிர்பார்ப்பது 50. ஆக, பிடிக்க முடிந்த 50இல் 35ஐப் பிடித்திருக்கிறார்கள், கப்பா 0.70.

இரண்டாவது, அறிகுறி எதுவும் இல்லாமல் முகாமுக்கு வந்த 100 பேர். இருவரும் ‘இருக்கிறது’ என்றது 2, இருவரும் ‘இல்லை’ என்றது 83, முரண்பட்டவை அதே 5, அதே 10. இங்கேயும் 85 சதவீதம்தான் ஒத்துப்போகிறது. ஆனால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ‘இல்லை’ என்றே சொல்லப்போவதால் தற்செயலாகவே 82.7 சதவீதம் ஒத்துப்போய்விடும். மிச்சம் 17.3, அதில் பிடித்தது 2.3, கப்பா 0.13.

அதே முரண்பாடுகள், அதே 85, ஒன்றில் 0.70, இன்னொன்றில் 0.13. 1990இல் ஃபைன்ஸ்டீன், சிக்கெட்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் புதிர் என்று எடுத்து எழுதினார்கள். இதைப் பார்த்துவிட்டு ‘கப்பாவே தப்பான அளவு’ என்று சொல்லும் ஆட்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டாவது டேபிளை இன்னொரு முறை பாருங்கள். யாராவது ஒருவராவது ‘இருக்கிறது’ என்று சொன்ன படங்கள் 17, அதில் இருவரும் சேர்ந்து சொன்னது வெறும் 2. முகாமே நோயாளியைக் கண்டுபிடிக்கத்தான் நடக்கிறது, அந்த இடத்திலேயே இருவரும் பிரிந்து நிற்கிறார்கள். கப்பா உண்மையைத்தான் சொல்கிறது, எந்தப் பக்கம் பிரச்சினை என்பதை மட்டும் சொல்வதில்லை. பரவலுக்கும் (நோய் எவ்வளவு அரிது என்பது) சாய்வுக்கும் (ஒருவர் மற்றவரைவிட அதிகமாக ‘இருக்கிறது’ என்பது) திருத்திய கப்பா என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் இரண்டு டேபிளுக்கும் 0.70 என்றே வரும். எண் அழகாக வருகிறது என்பதற்காக அதை மட்டும் தீசிஸில் போடுவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை, அந்த 17 படங்களின் கதை அதில் மறைந்துபோகிறது.

அதனால் கப்பாவோடு இரண்டு எண்களையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்வேன்: ‘இருக்கிறது’ என்பதில் எவ்வளவு ஒத்துப்போனார்கள், ‘இல்லை’ என்பதில் எவ்வளவு. இருவரும் சேர்ந்து சொன்னதை இரண்டால் பெருக்கி, ஒவ்வொருவரும் அப்படிச் சொன்னவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். முதல் டேபிளில் 0.84, 0.86. இரண்டாவதில் 0.21, 0.92. படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும். நான்கு கட்ட டேபிளையும் அப்படியே அச்சிடுங்கள், கால் பக்கம் கூட ஆகாது.

அடுத்து, கப்பா 0.61 முதல் 0.80 வரை இருந்தால் ‘கணிசமான ஒத்திசைவு’ என்று எல்லாரும் எடுத்துப் போடும் அந்தப் பட்டியல். லாண்டிஸ், கோச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977இல் கொடுத்தது, அந்தப் பிரிவுகள் தன்னிச்சையானவை என்று அவர்களே அதில் சொல்லியிருக்கிறார்கள். நம் முதல் டேபிளின் 0.70க்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான கப்பா இருக்கக்கூடிய எல்லை) போட்டால் ஏறக்குறைய 0.56 முதல் 0.84 வரை வரும், அதாவது ‘மிதமான’ என்பதில் தொடங்கி ‘ஏறத்தாழ முழுமையான’ வரை மூன்று பெட்டிகள். 100 படத்தை வைத்துக்கொண்டு ஒரே பெட்டியில் எப்படி உட்கார்த்துவது?

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் கப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பி-மதிப்பும் தரும். 0.001க்குக் கீழே வந்துவிட்டால் ‘ஒத்திசைவு மிகச் சிறப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது சொல்வது கப்பா பூஜ்யம் இல்லை என்பதை மட்டும்தான். படம் நிறைய இருந்தால் 0.13க்கும் அப்படி வரும்.

லேசு, மிதம், கடுமை என்று வரிசைப் பிரிவுகள் இருந்தால் கோஹன் 1968இல் கொடுத்த எடையிட்ட கப்பாவைப் போடுங்கள், அதில் பெரிய முரண்பாட்டுக்குச் சிறிய முரண்பாட்டைவிட அதிக எடை உண்டு. எந்த எடை என்பதையும் எழுதிவிடுங்கள். இரத்த அழுத்தம் மாதிரி தொடர் எண்களுக்குக் கப்பா வேண்டாம், பிளாண்ட்-ஆல்ட்மன் வரைபடம் (இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிரே குறிப்பது) போடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, முரண்பட்ட அந்த 15 படங்களையும் எடுத்துக்கொண்டு இரண்டு டாக்டர்களையும் ஒன்றாக உட்கார வையுங்கள். நுரையீரலின் மேல் பகுதியில் பழைய தழும்பு இருந்தால் அதை ஒருவர் ‘இருக்கிறது’ பக்கம் போட்டிருப்பார், இன்னொருவர் ஆறிப்போனது என்று விட்டிருப்பார். ஆறிய தழும்பை எந்தப் பக்கம் எண்ணுவது என்று விதிமுறையில் ஒரு வரி சேர்த்துவிட்டு, இருவரும் பார்க்காத புதுப் படங்களைக் கொடுத்து மறுபடியும் கப்பா போடுங்கள்.