சினிமா பத்திரிகை அட்டைக்குக் கருத்து கேட்கப் போகிறீர்களா? ‘சூப்பர்’ என்ற பதிலை நம்பாதீர்கள்

எங்கள் சினிமா பத்திரிகையின் முதல் இதழ் அட்டை ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. அட்டையை வடிவமைத்ததைவிட, அதைப் பற்றி நாலு பேரிடம் உருப்படியான கருத்து வாங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

படம் தேர்ந்தெடுத்தது, தலைப்புகள் எழுதியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. காதல் படச் சிறப்பிதழ். நாயகியின் முகம் பாதி வெளிச்சத்தில், பாதி நிழலில். கண்கள் நேராக நம்மைப் பார்க்கும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து.

தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி “எப்படி இருக்கு?” என்று கேட்டோம். சூப்பர், செம, வாழ்த்துகள், வரிசையாகக் கட்டைவிரல். ஒருவர் “எழுத்தைப் பெரிசாக்குங்க” என்றார், அடுத்தவர் “எழுத்து ரொம்பப் பெரிசு” என்றார். போட்டோவையே மாற்றச் சொன்னவரிடம் காரணம் கேட்டால் பதிலே இல்லை. மனமாரப் பாராட்டிய சிலரிடம் அட்டையில் என்ன தலைப்பு இருந்தது என்று கேட்டேன். ஒன்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஓர் எழுத்தைக்கூட நகர்த்த முடியாது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்புறம் வழியை மாற்றினோம். எங்களைத் தெரியாத, ஆனால் சினிமா பத்திரிகை வாங்கிப் படிக்கிற ஆட்களாகப் பார்த்து, அட்டையை 5 விநாடி மட்டும் காட்டிவிட்டு மூடிவிடுவோம். பிடித்திருக்கிறதா என்று கேட்பதில்லை. பத்திரிகை பெயர் என்ன? உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எது ஞாபகம் இருக்கிறது? இவ்வளவுதான் கேள்வி.

நிஜமான பதில்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. பெரும்பாலானவர்கள் “திகில் பட ஸ்பெஷலா?” என்று கேட்டார்கள். கறுப்பும் சிவப்பும் நிழல் விழுந்த முகமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்திருந்தன. பத்திரிகையின் பெயர் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் நாயகியின் தலை நடு எழுத்துகளை மறைத்திருந்தது. 1989-இல் தொடங்கிய பிரிட்டிஷ் சினிமா பத்திரிகையான எம்பயர் தன் பெயரைத் தலையால் மறைக்கலாம். பாதி எழுத்தைப் பார்த்தாலே வாசகருக்குத் தெரியும். புதுப் பத்திரிகைக்கு அந்தச் சலுகை இல்லை. பெயரை முழுசாக வெளியே கொண்டுவந்தோம்.

என்னை உலுக்கிய பதில் வேறொன்று. கீழ்த் தலைப்பைப் பற்றிக் கேட்டதும் ஒருவர் அட்டையை வாங்கி, முகத்தருகே வைத்து, சாய்த்துப் பார்த்துவிட்டு, “கீழே எதுவும் இல்லையே” என்றார். அவருக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சிவப்பு–பச்சை நிறக்குறை சில மக்களிடையே ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு உண்டு. அதில் ஒரு வகையினருக்குச் சிவப்பு மங்கித் தெரியும், கறுப்பின் மேல் இருந்தால் அதோடு கலந்தேவிடும். தலைப்புகளை வெளிர் மஞ்சளுக்கு மாற்றினோம். உங்கள் அட்டையை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதில் அமுங்கிப் போகிற எழுத்தை அப்படியே விடாதீர்கள்.

பெரிசு, சிறிசு என்று முரண்பட்ட இருவரையும் நேரில் உட்காரவைத்து, எந்த இடம் என்று விரலால் காட்டச் சொன்னோம். இருவருக்கும் சிக்கல் ஒன்றுதான். மூன்று தலைப்புகளும் ஒரே அளவில் இருந்ததால், முதலில் எதைப் படிப்பதென்று தெரியவில்லை. ஒன்றைப் பெரிதாக்கி மற்ற இரண்டையும் குறைத்தோம். இருவருமே “இப்போ சரி” என்றார்கள். வாசகர் சொல்லும் வைத்தியத்தை அப்படியே செய்யாதீர்கள், எங்கே உறுத்துகிறது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவே எங்கள் குழுவில் ஒருவர் யாரிடமும் சொல்லாமல் ஃபான்ட், நிறம், படத்தின் இடம் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டார். பதில்கள் மாறின, எதனால் மாறின என்று கண்டுபிடிக்க வழியில்லை. அந்தச் சுற்று அத்தனையும் வீண். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், அதையும் ஃபைல் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

அச்சகத்தில் அடுத்த அடி விழுந்தது. ஃபைல் திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியில் இருந்ததைப் பார்த்தும் அதை வாங்கியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை; அவரே அச்சு மைக்கான நிறமுறையான சிஎம்ஒய்கே-வாக மாற்றி ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துவிட்டார். மஞ்சள் மங்கிவிட்டது, நாயகியின் நிழல் பக்கம் முழுக்கக் கறுத்து, கன்னமே காணோம். அந்தத் தாளைக் காட்டினால் மறுபடி “பேய்ப் படமா?” என்றுதான் கேட்கிறார்கள்! “ஸ்க்ரீன்ல இருக்கிற கலர் அச்சுல வராது” என்பதை அதன் பிறகு சொல்கிறார். நிழலை வெளுக்கவைத்து, சிஎம்ஒய்கே-வில் நாங்களே மாற்றி, இதழுக்குப் போடப்போகும் அதே தாளில் ப்ரூஃப் கேட்டு வாங்கினோம். பார்கோடைக் கறுப்புப் பின்னணியில் நேராக வைத்திருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அதற்கு வெள்ளைக் கட்டமும் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடமும் வேண்டும். கோடுகளைச் சிவப்பில் போடவே கூடாது, சிவப்பு ஒளியில் படிக்கும் ஸ்கேனருக்கு அவை தெரியாது. நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க விடும் கூடுதல் ஓரம்), படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கடைசி ப்ரூஃபை அதுவரை பார்க்காதவர்களிடம் காட்டினோம். 5 விநாடி முடிந்ததும் முதல் ஆள் பத்திரிகையின் பெயரைப் பிசகில்லாமல் சொல்லிவிட்டு, “லவ் படங்களைப் பத்தியா?” என்று கேட்டார். எழுந்து கைகொடுத்துவிட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் புது ஆட்களைத்தான் பிடிக்க வேண்டும். ஒருமுறை பார்த்தவருக்குப் பெயர் ஏற்கெனவே தெரியும், அவர் பதில் உதவாது. ஆகவே எல்லோரிடமும் முதல் நாளே காட்டித் தீர்த்துவிடாதீர்கள்.