மகனுக்கு மம்பட்டி வேலை, அதுவும் அமெரிக்காவில்

கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பொங்கல் முடிந்ததுமே கோடை விடுமுறையைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். கோடிங் முகாம், எஸ்ஏடி என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான வகுப்பு, தெரிந்தவர் யாராவது வழிசெய்தால் பல்கலைக்கழக ஆய்வகத்தில் எடுபிடி வேலை என்பதைத் தாண்டி அந்தப் பேச்சு பெரும்பாலும் நகர்வதில்லை. அதனால் எங்கள் மகன் தன் 16ஆம் வயதில், 'யூத் கன்சர்வேஷன் கோர்' என்னும் இளைஞர் இயற்கைப் பாதுகாப்புப் படைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னபோது, அப்படி ஒன்று இருப்பதே எனக்கும் என் மனைவிக்கும் புதிய செய்தியாக இருந்தது.

1970ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின் வழியே உருவான திட்டம் இது. 15 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளை, தேசியப் பூங்காக்களிலும் தேசிய வனங்களிலும் வனவிலங்குக் காப்பகங்களிலும் கோடையில் சில வாரங்கள் கூலிக்கு வேலை பார்க்க வைக்கிறார்கள். முன் அனுபவம் கேட்பதில்லை. மதிப்பெண் பட்டியலையும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. பல இடங்களில் குலுக்கல் முறையில்தான் ஆளெடுக்கிறார்கள் என்று அறிந்தபோது, எச்-1பி என்னும் வேலை விசாவுக்கான குலுக்கலில் தேறி வந்த எனக்கு அது மட்டும் மிகவும் பழகிய நடைமுறையாகத் தோன்றியது. யெல்லோஸ்டோன் போன்ற பெரிய பூங்காக்களில் பிள்ளைகள் அங்கேயே தங்கி வேலை செய்வார்கள். எங்கள் மகனுக்குக் கிடைத்ததோ சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய காப்பகம் ஒன்றில், காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து என் அம்மா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "ஏம்ப்பா, நம்ம ஊரு நூறு நாள் வேலை மாதிரியா?" என்பதுதான். அமெரிக்க வரலாறு ஒரு வரியும் படிக்காத அவர் கேட்டது, உண்மைக்கு மிக அருகில் இருந்தது. 1933இல், பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் நடுவே, அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர், வேலையற்ற இளைஞர்களுக்கு மாதம் 30 டாலர் கூலி கொடுத்து, அதில் ஏறத்தாழ 25 டாலரை நேராக அவர்களுடைய வீட்டுக்கு அனுப்பியது. 1942இல் மூடப்படுவதற்குள் ஏறக்குறைய 30 லட்சம் பேர் அதில் பணியாற்றி, 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை நட்டார்கள்; இன்று நாம் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் பல பூங்காக்களின் பாதைகளும் கற்சுவர்களும் அவர்கள் கைவேலை. மகன் சேர்ந்தது அதே மரபில் பின்னால் வந்த திட்டம். 1976இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் தொடங்கிய கலிஃபோர்னியா மாநில இயற்கைப் பாதுகாப்புப் படையும் இதே மரபுதான். 18 வயது நிறைந்தவர்களுக்கான அந்தப் படை, 'கடின உழைப்பு, குறைந்த ஊதியம், மோசமான சூழல், இன்னும் பல' என்று தன்னைத் தானே விளம்பரம் செய்துகொள்கிறது. ஆள் சேர்க்க இவ்வளவு நேர்மையான அழைப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வேலையில் பெரும்பகுதி களை அகற்றுவது. விரிகுடாப் பகுதியில் சாலையோரமெங்கும் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும் செடிகளில் ஒன்று, நம் சமையலறைச் சோம்பு. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்து, இந்த மண்ணுக்குரிய செடிகளை எழவிடாமல் நெருக்குவதால், அதை அகற்ற வேண்டிய அயல் தாவரங்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மேலே வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துவிடும் என்பதால், கிழங்கு போன்ற ஆணிவேரோடு கிளற வேண்டும். அதற்கு அவன் கையில் கொடுத்த கருவியின் பெயர் புலாஸ்கி: ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மம்பட்டியைப் போலக் குறுக்கே அமைந்த அலகு. சரிவில் நடக்கும்போது அதைத் தோளில் போடாமல், இறக்கமான பக்கத்துக் கையில் தொங்கவிட்டபடி, முன்னால் போகிறவரிடமிருந்து போதிய இடைவெளி விட்டு நடக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். மாலையில் கிளம்புமுன் காலணியின் அடியில் ஒட்டிய விதைகளைத் தூரிகையால் தேய்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும். அத்தனைக்குப் பிறகும் அவன் சட்டையிலிருந்து எழுந்த சோம்பு மணத்தை, இத்தனை சோம்பையும் குப்பையில் போடுகிறார்களே என்ற ஆதங்கத்தோடுதான் என் மனைவி துவைத்துப் போக்கினார். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவதைப் போன்ற வேலை என்று சொன்னதும் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் நம் ஊருக்கு வந்தது என்று நான் சொன்னதை மட்டும் அவர் நம்பவில்லை.

இனி, நம்மவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத செய்திக்கு வருகிறேன். இந்தப் படையில் சேர அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ கட்டாயம். மகன் இங்கே பிறந்தவன் என்பதால் தடை எழவில்லை. கைக்குழந்தையாக சென்னையிலிருந்து எங்களோடு வந்த மூத்த மகள், இதே பள்ளியில் படித்து, இதே உச்சரிப்பில் பேசி வளர்ந்தும், வேலை விசாவில் வந்தவரைச் சார்ந்தோருக்கான எச்-4 விசாவில் இருப்பதால் ஊதியம் பெறும் எந்த வேலைக்கும் போக முடியாது. நிரந்தரக் குடியிருப்பு உரிமை தரும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டினருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பால் இந்தியர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. 21 வயது நிறைந்தால் எங்களைச் சார்ந்தவள் என்ற தகுதியும் அவளுக்குப் பெரும்பாலும் போய்விடும். தம்பி தன் முதல் சம்பளச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, பிடித்தம் ஏன் இவ்வளவு என்று கணக்குப் பார்த்தபோது, வரிப் பிடித்தத்தை அவனுக்கு விளக்கிச் சொன்னவள் அவள்தான். சனிக்கிழமைகளில் அவளும் ஓடைக்கரையில் களை பறிக்கப் போகிறாள், ஊதியமில்லாத தன்னார்வலராக.

விருப்பமுள்ள பெற்றோர் ஒன்றைக் கவனத்தில் கொள்ளலாம். பல இடங்களில் விண்ணப்பக் கெடு பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. சமூகப் பாதுகாப்பு எண், பள்ளி வழியாகப் பெறும் பணி அனுமதிச் சீட்டு, பிள்ளையின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு ஆகியவற்றை அதற்கு முன்பே தயார் செய்துகொண்டால், கடைசி நேரத்தில் அலைய வேண்டியிராது. கணுக்காலை மூடும் நல்ல தோல் காலணியை முன்னதாகவே வாங்கி, வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்கிவிடுவதும் நல்லது.