காவல் கப்பலும் கூடச் சென்ற டேங்கரும்

டேங்கர்களில், அதாவது எண்ணெய்க் கப்பல்களில், செகண்ட் ஆபீசராக இருந்த காலத்தில், ஏடன் வளைகுடாவைக் கடக்கும்போது கடற்கொள்ளையருக்கு அஞ்சி கடற்படைக் காவலோடு வரிசையில் சென்றிருக்கிறேன். கப்பலின் இரு பக்கங்களிலும் முள்கம்பிச் சுருள்களைக் கட்டி, தீயணைப்புக் குழாய்களைத் தண்ணீர் பீய்ச்சத் தயாராக வைத்திருப்போம். கொடுத்த வேகமும் முன்கப்பலுக்கான இடைவெளியும் பிசகாமல் பார்த்துக்கொள்வது வாட்சில், அதாவது முறைப் பணியில், நிற்பவரின் வேலை. மற்றதெல்லாம், ரேடாரில் புள்ளியாகத் தெரிகிற அந்தப் போர்க்கப்பலின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்று யோசிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது இரண்டாம் உலகப் போர்க்காலத்து எச்.எம்.ஐ.எஸ். பெங்கால் என்ற போர்க்கப்பல்தான்.

சிட்னியில் கட்டப்பட்ட அந்தக் கார்வெட் (சிறிய காவல் போர்க்கப்பல்), அன்றைய ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. சுமார் 650 டன் எடை. முதன்மை ஆயுதம் ஒரேயொரு மூன்று அங்குலப் பீரங்கி. ஒன்டினா என்ற டச்சு டேங்கருக்குக் காவலாக, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டிலிலிருந்து, இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள டீகோ கார்சியா தீவை நோக்கி அது வந்துகொண்டிருந்தது. 1942 நவம்பர் 11 அன்று, கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ஹோகோகு மாரு, ஐகோகு மாரு என்ற இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஆயுதம் பூட்டிய வணிகக் கப்பல்களான அவை ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்டவை; அதே ஆண்டு மே மாதம் கெனோட்டா என்ற டச்சு டேங்கரைப் பிடித்துக்கொண்டு போனவையும் அவையே.

பெங்காலின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் வில்லியம் வில்சன், டேங்கரைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டு, தன் கப்பலை நேரே எதிரியை நோக்கித் திருப்பினார். எதிரியின் கனத்த பீரங்கிகளுக்கு முன் மூன்று அங்குலக் குண்டு என்ன செய்துவிடும்? டேங்கருக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். ஒன்டினாவோ விலகி ஓடாமல், பின்தளத்தில் இருந்த தன் நான்கு அங்குலப் பீரங்கியால் சுடத் தொடங்கியது. ஹோகோகு மாருவின் டார்பிடோக்கள் (நீருக்கடியில் பாயும் குண்டுகள்) இருந்த இடத்தில் ஒரு குண்டு பாய்ந்து, தீப்பிடித்து, வெடித்து, அந்தக் கப்பல் மூழ்கியது. அது யாருடைய குண்டு என்பதில் பெங்கால், ஒன்டினா இரண்டின் தரப்புக்கும் உரிமை வாதம் உண்டு. டேங்கர்காரனான நான் ஒன்டினா பக்கம்தான் சாய்வேன். ஆனாலும் பெங்கால் எதிரியின் பார்வையைத் தன் மேல் இழுத்திராவிட்டால் அந்தக் குண்டைக் குறி பார்த்துச் சுட அவகாசமே இருந்திருக்காது.

குண்டுகள் தீரும் நிலைக்கு வந்த பெங்கால், டேங்கரில் வெடிப்புகளைக் கண்டு, அது மூழ்கிவிட்டதென்று எண்ணி டீகோ கார்சியாவுக்குச் சென்றது. ஒன்டினாவில் கேப்டன் ஹார்ஸ்மன் இறந்துபோனார். கப்பலைக் கைவிட்டுப் படகில் இறங்கிய மாலுமிகள்மீது ஐகோகு மாரு இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. அது விலகிப்போன பின், டார்பிடோ பட்டுச் சாய்ந்திருந்த தங்கள் கப்பலுக்கே மாலுமிகள் திரும்பி ஏறினார்கள். தீயை அணைத்து, சாய்வைச் சரிசெய்து, எஞ்சினைக் கிளப்பி, நவம்பர் 18 அன்று ஃப்ரீமேன்டிலை அடைந்தார்கள். காவலுக்கு வந்த கப்பலும் காக்கப்பட்ட கப்பலும் இந்தியப் பெருங்கடலில் எதிரெதிர்த் திசைகளில் பிரிந்து, தனித்தனியே துறைமுகம் சேர்ந்தன.