இருபத்திரண்டில் பதின்மூன்று

"பதின்மூன்று என்றா எழுதியிருக்கிறீர்கள், டீச்சர்?"

எங்கள் பள்ளியைக் கூட்டிக் கழுவும் ஆயாம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எண்கள் நன்றாகத் தெரியும்.

"வந்தது அவ்வளவு நாள்தானே, ஆயாம்மா?"

"உங்களுக்கு வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு?"

"தற்செயல் விடுப்பு பன்னிரண்டு."

"எனக்கு?"

"உங்கள் வேலைக்கு அப்படி எதுவும் உத்தரவில் இல்லை."

"சரி, டீச்சர்."

அவ்வளவுதான் பேச்சு. ஆகஸ்டின் இருபத்திரண்டு வேலை நாட்களில் எத்தனை நாள் வந்தார் என்று நான் எழுதிக் கொடுத்த பணிச்சான்றை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அதை ஒன்றிய அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவரும் அவரே. தன் சம்பளத்தைக் குறைக்கும் தாளைத் தானே சுமந்துகொண்டு, தன் காசில் பஸ் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார். இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த "சரி, டீச்சர்" இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அப்போது நான் பொறுப்புத் தலைமை ஆசிரியர். தலைமை ஆசிரியர் ஓய்வுபெற்ற பின் பணியிடம் நிரப்பப்படவில்லை. மூத்தவள் என்பதால் கணக்குப் பாடத்தோடு அந்த நாற்காலியும் என்னிடம் வந்தது. இளநிலை உதவியாளர் இடம் காலி, இரவுக் காவலர் இடம் காலி. ஆசிரியர் அல்லாத பணியாளர் என்று பள்ளியில் எஞ்சியிருந்தவர்கள் சத்துணவுக்கூடத்தில் இருந்தவர்களும் ஆயாம்மாவும்தான். ஆயாம்மாவுக்கு மாதம் 2,250 ரூபாய். உயர்நிலைப் பள்ளி என்பதால் அந்தத் தொகை. அதுவும் மாதாமாதம் வராது. அந்த ஆகஸ்டில் அவருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருந்தது.

ஆடியில் விதைத்த நிலக்கடலைக்குக் களை எடுக்கும் காலம். பெண்களுக்கு ஒரு நாள் கூலி 250 ரூபாய், மாலையிலேயே கையில் கிடைத்துவிடும். ஒன்பது நாள் களை எடுத்தால் 2,250. எங்கள் பள்ளியில் ஒரு மாதம் கழிப்பறை கழுவுவதற்கும், வகுப்பறைகளையும் மைதானத்தையும் கூட்டுவதற்கும் என்ன கூலியோ அதே தொகை. அவர் வராத நாட்களும் சரியாக ஒன்பது. இந்தக் கணக்கை அன்று நான் போடவில்லை. பல மாதங்கள் கழித்து, பத்தாம் வகுப்புக்கு ஏதோ ஒரு கணக்கை நடத்திக்கொண்டிருந்தபோது சட்டென்று மனத்தில் விழுந்தது.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பணிச்சான்றில் என் கையொப்பம் இருக்கிறது. அரசுப் பணத்துக்கு நான் கொடுக்கும் உறுதி அது. கணக்குத் தணிக்கையில் எழுப்பிய தடை ஒன்றைத் தீர்க்க முடியாமல் ஓய்வூதியத்துக்கு அலைந்த தலைமை ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். வராத நாளை வந்ததாக எழுத எனக்குக் கை நடுங்கியது உண்மை.

அதைவிடப் பெரிய காரணம் பிள்ளைகள். நூற்றுப் பத்துப் பெண் பிள்ளைகளுக்கு நான்கு கழிப்பறைகள். ஆயாம்மா வராத நாளில் முதல் இடைவேளைக்குப் பிறகு அந்தப் பக்கம் போக முடியாது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பாட்டில் நிரம்பியபடி வீட்டுக்குத் திரும்பும். அரசின் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கொடுக்கிறோம். அதை மாற்றுவதற்கு ஓர் இடம் வேண்டாமா? மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் ஏன் விடுப்பு எடுக்கிறார்கள் என்று கூட்டங்களில் கேட்பவர்களுக்கு எங்கள் கழிப்பறையைக் காட்டினால் போதும். அந்த ஒன்பது நாட்களில் இரண்டு நாள் நானே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் எட்டாம் வகுப்புச் சிறுமிகள் இருவர் வாளியோடு அந்தப் பக்கம் போவதைப் பார்த்துப் பதறிப்போய்த் தடுத்தேன். ஓர் ஆசிரியர்தான் அனுப்பியிருந்தார். அவரைக் கடிந்துகொண்டேன். அந்தக் கோபம் முழுவதும் மாதக் கடைசியில் பதின்மூன்று என்ற எண்ணாக இறங்கியதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

ஏனென்றால், அதே மாதத்தில் நான் இன்னொன்றும் செய்தேன். ஆசிரியர்கள் விடுப்புக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தலைமை ஆசிரியர் அதை மேசை இழுப்பறையில் வைத்திருப்பார். மாலை வரை அதிகாரி யாரும் பார்வையிட வராவிட்டால் கடிதம் கிழிபடும், மறுநாள் வருகைப் பதிவேட்டில் வராத நாளுக்கும் கையொப்பம் விழும். ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆகஸ்டில் அப்படி ஒரு கடிதத்தை நானும் கிழித்தேன். சக ஆசிரியையின் மாமியார் மருத்துவமனையில் இருந்தார். பாவம், பன்னிரண்டு நாளும் தீர்ந்துபோயிருந்தது. கிழித்தபோது என் கை நடுங்கவில்லை. தணிக்கையும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அது ஒரு நாள், இது ஒன்பது நாள். அந்த ஆசிரியை முன்கூட்டியே சொன்னார், ஆயாம்மா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? உத்தரவில் இல்லை என்றுதான் அப்போதும் சொல்லியிருப்பேன்.

ஆசிரியர் அறையில் எல்லோரும் நான் செய்தது சரி என்றார்கள். பகுதிநேர ஓவிய ஆசிரியர் மட்டும் பேசாமல் இருந்தார். 2012இல் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்ட 16,549 பேரில் ஒருவர். வாரத்தில் மூன்று அரைநாட்கள் வருவார். அப்போது மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. எல்லோரும் போன பிறகு, "மே மாதம் எனக்கும் விடுமுறை இல்லை, டீச்சர். அது வேலையில்லாத மாதம்" என்றார். ஆயாம்மாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பணம் நவம்பரில் வந்தது. எந்த மாதமானாலும் முப்பதால் வகுத்து ஒரு நாளைக்கு 75 ரூபாய் என்று பிடிப்பார்களாம். ஒன்பது நாளுக்கு 675 ரூபாய் போயிற்று. அந்தத் தொகையை ஓர் உறையில் போட்டு நான் கொடுத்தேன். அவர் மறுப்பார், நான் வற்புறுத்துவேன், இருவர் மனமும் லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தேன் போலும். ஆயாம்மா வாசல்படியில் நின்றபடியே உறையைப் பிரித்து, எண்ணிப் பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார். உள்ளே வந்து உட்காரச் சொல்ல அன்றும் எனக்குத் தோன்றவில்லை.

சில நாட்கள் கழித்துச் சத்துணவுக்கூடத்துச் சமையலர் அம்மா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அந்த ஒன்பதில் நான்கு நாட்கள் களை எடுத்துவிட்டு மாலையில் பள்ளிக்கு வந்து கழுவிவிட்டுத்தான் ஆயாம்மா வீட்டுக்குப் போனாராம். சாவி சமையலரிடம் இருக்கும். அது உண்மையா? நான் பார்க்கவில்லை. மறுநாள் முதல் இடைவேளைக்குப் பிறகுதான் நான் போய்ப் பார்ப்பேன், அதற்குள் நூற்றுப் பத்துப் பிள்ளைகள் போய் வந்திருப்பார்கள். நான் பார்க்காததற்கு நான் எப்படிச் சான்று கொடுப்பது? அது கிடக்கட்டும், ஆயாம்மா ஏன் அதை என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் பதினேழு என்று எழுதியிருப்பேனே. நான் நம்ப மாட்டேன் என்று நினைத்தாரா, இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாரா? கேட்கப் பலமுறை வாய் எடுத்தேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம்.

செப்டம்பரிலிருந்து அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. என் கண்டிப்பால் வந்த மாற்றம் என்று சொல்லலாம். களை எடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்றும் சொல்லலாம்.

பிறகு நிரந்தரத் தலைமை ஆசிரியர் வந்தார், நான் என் வகுப்புக்குத் திரும்பினேன். இந்த ஆண்டும் ஆகஸ்ட் வந்தது. மாதக் கடைசியில் அவருக்கு ஏதோ கூட்டம். "பணிச்சான்றில் நாட்களை மட்டும் நிரப்பி வையுங்கள், டீச்சர். நான் வந்து கையொப்பம் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதமும் வேலை நாட்கள் இருபத்திரண்டு. ஆயாம்மா மூன்று நாள் வரவில்லை. மாலையில் வந்தாரா என்று சமையலர் அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபத்திரண்டு என்று எழுதினேன்.

அந்த மூன்று நாளும் எட்டாம் வகுப்புப் பெண்கள் தண்ணீர் பாட்டிலைத் திறக்கவில்லை.