மான் கொம்புகளுக்கு அடியிலிருந்து வந்த ஆர்கன்

லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் டெம்பிள் சர்ச்சுக்குப் போகும் வழி புதிதாக வருகிறவர்கள் கண்ணில் லேசில் படாது. ஒரு பழைய மரச்சட்ட வீட்டின் அடியில் வாயில், அதற்குள் ஒரு சந்து, அவ்வளவுதான். நான் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். உள்ளே நுழைந்தால் பஸ் சத்தம் அடங்கிவிடுகிறது. கோப்புக்கட்டுகளோடு வக்கீல்கள் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற இரண்டு வக்கீல் சங்கங்களுக்கும் பொதுவான ஆலயம் இது.

எருசலேமில் இருக்கும் இயேசுவின் கல்லறைக் கோவிலை மனதில் வைத்து டெம்ப்ளர் வீரத்துறவிகள் இதை வட்டமாகக் கட்டினார்கள். 1185 பிப்ரவரியில் எருசலேமின் பிதாப்பிதா ஹெராக்ளியஸே வந்து பிரதிஷ்டை செய்தார். எருசலேமுக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு சின்ன எருசலேம் என்று நினைத்துக்கொண்டேன். தரையில் கல் வீரர்கள் படுத்திருக்கிறார்கள். சுவரைச் சுற்றிலும் கல் முகங்கள், பல்லைக் காட்டுகிறவை, வலியில் கோணுகிறவை. ஒருவருடைய காதை ஏதோ மிருகம் கடித்துக்கொண்டிருக்கிறது. தேவாலயத்தில் இதை எதற்கு வைத்தார்கள் என்று புரியவில்லை, ஆனாலும் அங்கேதான் அதிக நேரம் நின்றேன்.

அன்று புதன்கிழமை. மதியம் ஆர்கன் இசை இருக்கிறது என்று தெரிந்துதான் போயிருந்தேன். வட்டத்தை ஒட்டிய நீண்ட பகுதியில், வடக்குச் சுவர்ப் பக்கம் ஆர்கன், குழல்களில் காற்றை ஊதி வாசிக்கிற பெரிய கருவி. உட்கார்ந்து கண்ணை மூடினேன். முதலில் மெல்லிய குழல்கள், தூரத்தில் யாரோ பாடுவதுபோல. கொஞ்ச நேரத்தில் பெஞ்சுப் பலகை தொடையின் கீழ் அதிர ஆரம்பித்தது. அந்த அதிர்வின் சத்தம் காதில் இன்னும் விழவில்லை. 32 அடிக் குழலின் அடிச்சுரம் நொடிக்குப் பதினாறு அதிர்வுதான், காதைவிட உடம்புக்குத்தான் அது முதலில் எட்டுகிறது. கர்த்தருக்குப் பயப்படுதல் என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அது முதுகுத்தண்டில் இறங்கியது அன்றைக்குத்தான்.

இந்த ஆர்கன் இந்த ஆலயத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

1680களில் இங்கே புது ஆர்கன் வேண்டும் என்று முடிவானது. மிடில் டெம்பிள்காரர்கள் ஆர்கன் செய்கிற பெர்னார்ட் ஸ்மித்தைப் பிடித்தார்கள், இன்னர் டெம்பிள்காரர்கள் அதே தொழில்காரரான ரெனேட்டஸ் ஹாரிஸைப் பிடித்தார்கள். வக்கீல்கள் விட்டுக்கொடுப்பார்களா? இருவரும் ஆளுக்கொரு ஆர்கனை ஆலயத்துக்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள். ஸ்மித் தரப்பில் வாசித்தவர்கள் அந்தக் காலத்துப் பேர்பெற்ற இசையமைப்பாளர்கள் ஹென்றி பர்செலும் ஜான் ப்ளோவும். ஹாரிஸ் தரப்பில் இத்தாலியரான திராகி. ஸ்மித் ஆர்கனின் துருத்தியை எதிர்த்தரப்பு ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துவிட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. வருடக்கணக்கில் இழுத்த வழக்கைக் கடைசியில் தீர்த்தவர் நீதிபதி ஜெஃப்ரீஸ். தூக்குத் தண்டனைக்குப் பேர்போன மனிதர். இன்னர் டெம்பிளைச் சேர்ந்தவராக இருந்தும் ஸ்மித்துக்கே தீர்ப்புச் சொன்னார். தோற்ற ஆர்கனைப் பிரித்து, ஒரு பங்கு ஹோல்போர்னில் ஒரு ஆலயத்துக்கும், ஒரு பங்கு டப்ளின் பேராலயத்துக்கும் போனதாகச் சொல்வார்கள். ஆராதனைக்கு வாங்கிய கருவிக்கு இத்தனை சண்டையா என்று சிரிக்கத் தோன்றும். சபைக் கமிட்டி எதிலாவது உட்கார்ந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஜெயித்த ஆர்கன் இங்கேயே இருந்தது. தலைமுறைக்குத் தலைமுறை அதை மாற்றினார்கள், பெரிதாக்கினார்கள். 1927இல் எர்னஸ்ட் லாஃப் என்ற சிறுவன் இந்த ஆலயத்தில் பாடிய இசைத்தட்டு உலகெங்கும் விற்றது. பின்னால் ஒலிப்பது அந்த ஆர்கன்தான், வாசித்தவர் ஜார்ஜ் தால்பென்-பால். இரண்டாம் உலகப்போரில், 1941 மே 10 இரவு தீக்குண்டுகள் கூரையில் விழுந்தன. சூட்டில் பளிங்குத் தூண்கள் வெடித்தன, கல் வீரர்கள் சிதைந்தார்கள், ஆர்கன் எரிந்தே போனது.

இப்போது ஸ்காட்லாந்துக்குப் போவோம். அபர்டீன்ஷயரில் கிளென் டானர் என்ற எஸ்டேட். அதன் சொந்தக்காரர் கிளென்டானர் பிரபு, தையல் நூல் செய்த கோட்ஸ் குடும்பத்துக்காரர். ஆம், மதுரைக்காரர்களுக்குப் பழகிய மதுரா கோட்ஸில் வரும் அதே கோட்ஸ். 1920களில் அவர் தன் நடன மண்டபத்துக்கென்று, டர்ஹாமின் ஹாரிசன் அண்ட் ஹாரிசன் பட்டறையில் நான்கு கீபோர்டு வைத்த ஒரு பெரிய ஆர்கனைச் செய்து வாங்கினார். மண்டபத்தின் கூரை முழுக்க வேட்டையாடிய மான்களின் கொம்புகள். எதிரொலி எழவே வழியில்லாத இடம். அந்தக் கொம்புக் காட்டின் அடியில்தான் அது பல வருடம் வாசிக்கப்பட்டது.

போர் முடிந்தபின் பிரபு அதை டெம்பிள் சர்ச்சுக்கே கொடுத்துவிட்டார். 1953இல் குழல் குழலாகக் கழற்றி, ரயிலில் ஏற்றி லண்டன் கொண்டுவந்தார்கள். 1954இல் அது இங்கே ஒலிக்க ஆரம்பித்தது. குழல்களின் குரலைத் திருத்துகிறவர்கள் அவை நிற்கப்போகும் அறையைக் கேட்டுக் கேட்டுத்தான் திருத்துவார்கள், அறை மாறினால் பாதிக் குழல்கள் கத்தும், மீதி முனகும். செத்த அறைக்குத் திருத்திய குழல்கள் கல் மண்டபத்தில் இப்படிக் கனிந்து ஒலிப்பதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொழில் தெரிந்தவர்கள் வேறு காரணம் சொல்லலாம், சரி.

பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் செதுக்குமரத் திரையையும் பாருங்கள். கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென் காலத்தது. விக்டோரியா காலத்தில் பழைய பாணி என்று கழற்றி வெளியே தள்ளியது, எங்கெங்கோ போய் டர்ஹாம் பக்கம் போவ்ஸ் மியூசியத்தில் கிடந்தது. அதனால் தீக்குத் தப்பியது, போருக்குப்பின் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அதன் இடத்தில் வைத்தவை எரிந்துபோயின. வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே மூலைக்குத் தலைக்கல்லாயிற்று என்ற வேத வசனம் ஞாபகத்துக்கு வந்தது.

2011இல் ஆர்கனை மறுபடி பிரித்து, பிறந்த ஊரான டர்ஹாமுக்கே பழுதுபார்க்க அனுப்பினார்கள். 2013இல் திரும்பியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழல்கள், சில பென்சில் கனம்தான்.

கடைசிச் சுரம் வட்டத்துக்குள் போய்ச் சுற்றிவிட்டு அடங்கியது. கை தட்டினார்கள், எழுந்து போனார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். மேலே யாரோ ஆர்கனுக்குக் காற்று ஊதும் மோட்டாரை நிறுத்தியிருக்க வேண்டும், ஒரு நீண்ட மூச்சு இறங்கியது. அதுவரை காற்று ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் காதில் விழுந்தது.